ஒலியிலா முன்னேற்றக் கட்சியின் கடைசி உறுப்பினர்

எஸ்தர் அக்கா, தூங்கிவிட்டீர்களா? மொட்டை மாடியில் அந்தச் சத்தம் உங்களுக்கும் கேட்டதா?

ஈரத் துணியைத் தரையில் அடித்தால் வருமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆனால் துணி இல்லை. கனமான ஆள் ஒருத்தர் காலில் தலையணையைக் கட்டிக்கொண்டு நடந்தால் எப்படி இருக்கும்? அதுதான். புஸ், புஸ் என்று இரண்டு தரம். அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாததைத்தான் அக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதோ, மறுபடியும் புஸ்.

எதிர் வீட்டில் இருந்துகொண்டு போனில் கூப்பிடாமல் இப்படி நீளமாக எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். பாப்பா இப்போதுதான் என் மடியில் தூங்கினாள். நான் வாயைத் திறந்தால் எழுந்துவிடுவாள். எழுந்தால் விடியும்வரை கச்சேரிதான். அதுவும் போக, இருட்டிய பிறகு சத்தமாகப் பேசுவது எங்கள் கட்சியின் கொள்கைக்கு விரோதம். எங்கள் கட்சி என்று பழக்கத்தில் வந்துவிட்டது. இப்போது அதில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். முதலில் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இந்த மழையில் எங்கள் வாசல் கதவு ஊதிப்போய்க் கீழே இறங்கிவிட்டது. தாழ்ப்பாள் ஓர் இடத்தில், அது போய் விழ வேண்டிய ஓட்டை இன்னோர் இடத்தில். ஒருத்தர் கைப்பிடியைப் பிடித்துக் கதவை மேலே தூக்க வேண்டும். அதே நேரத்தில் இன்னொருத்தர் தாழ்ப்பாளைத் தள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் செந்தூரன் இங்கே இருந்தால் அவர் தூக்குவார், நான் தள்ளுவேன். அவர்தான் கடலுக்கு நடுவில் எண்ணெய்க் கிணற்றில் இருக்கிறாரே, வருவதற்கு இன்னும் நாளாகும். தனியாக எல்லா வித்தையும் செய்து பார்த்துவிட்டேன். முட்டியைக் கொடுத்துத் தூக்கினால் கை எட்டவில்லை. கை எட்டினால் கதவு எழும்பவில்லை. பூட்டு என்று ஒன்று இருக்கிறது, பேருக்கு. சாவியை உள்ளே மறந்துவிட்ட அன்றைக்கு நானே அதை ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலால் திறந்தேன். கான்வென்டில் படித்த என்னாலேயே முடிகிறது என்றால், திருட வருகிறவன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வான், சொல்லுங்கள்.

தச்சரைக் கூப்பிடவில்லையா என்று கேட்பீர்கள். கூப்பிட்டேன். வந்தார். பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். வெளியே பார்த்தால் தெருவிளக்கு போட்டுவிட்டார்கள். "அண்ணா, இருட்டிடுச்சு, இனிமே சத்தம் கூடாது" என்றேன். "நாலே தட்டும்மா" என்றார். "நாலுக்கு விட்டா நாப்பதுக்கு விடணும்" என்றேன். அந்த மனுஷன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. கொள்கை என்று இருந்தால் சில சங்கடங்கள் வரத்தான் செய்யும்.

இப்போதைக்குக் காலி சிலிண்டரைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

அதனால் நீங்கள் ஒரு நிமிஷம் வந்து கதவைத் தூக்கிப் பிடித்தால் போதும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம். நேற்று எங்கள் கட்சியில் சேர விண்ணப்பம் போட்டிருந்தீர்கள் அல்லவா, அதை நான் இன்னும் ஏற்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆளைத் தெரியாமல் சேர்த்ததால்தான் இன்றைக்கு இப்படி உட்கார்ந்திருக்கிறேன். இரவில் மிக்ஸி போடுவீர்களா? குக்கர்? இருமல் வந்தால் அடக்கிக்கொள்வீர்களா, அல்லது இருமிவிடுவீர்களா? யோசித்துச் சொல்லுங்கள். அதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

"நாடாள்" என்று ஒரு விளையாட்டு. போனில்தான். செவ்வந்தித் தீவு என்று ஒரு நாடு, அதில் யார் வேண்டுமானாலும் கட்சி ஆரம்பிக்கலாம், மசோதா கொண்டுவரலாம், ஓட்டுப் போடலாம். பாப்பா பிறந்த புதிதில் ராத்திரி முழுக்கப் பால் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். எந்த நேரமும் எங்காவது ஒரு ஹாரன், ஒரு நாய், ஒரு கல்யாண மண்டபம். பாப்பா திடுக்கிட்டு அழுவாள். இந்த ஊரில் நம் பேச்சை யார் கேட்கிறார்கள்? தீவிலாவது ஒரு நல்லது நடக்கட்டும் என்று கட்சி ஆரம்பித்தேன். ஒலியிலா முன்னேற்றக் கட்சி. ஒ.மு.க. கொள்கை ஒரே வரி: இருட்டிய பிறகு எந்த ஒலியும் கூடாது. நானே எழுதினேன்.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு கட்சியின் பேருக்குப் பக்கத்திலும் இரண்டு எண் நிற்கும். ஒன்று, எத்தனை பேர் என்பது. மற்றது, கொள்கை உறுதி, நூற்றுக்கு எவ்வளவு என்று. உறுப்பினர் யாராவது கட்சியின் கொள்கைக்கு மாறாக ஓட்டுப் போட்டால் இரண்டாவது எண் இறங்கும். முதலாவது ஏறினால்தான் பதவி. இரண்டாவது பாதிக்குக் கீழே போனால் கட்சிக் கொடி திரையிலேயே கிழியும், சத்தத்தோடு. அந்தச் சத்தத்தை நான் முதல் நாளே நிறுத்திவிட்டேன்.

ஆரம்பத்தில் நானும் செந்தூரனும்தான். "நீ சொல்ற எடத்துல கைநாட்டு வைக்கிறேன், தூங்க விடு" என்று சேர்ந்தார். உறுதி நூறு. என்ன நிம்மதி தெரியுமா அக்கா அந்த எண்ணைப் பார்க்க. கான்வென்டில் நான் லீடர். சிஸ்டர் பெர்னதெத் வெளியே போனால் பேசுகிறவர்கள் பேரை போர்டில் எழுதுவது என் வேலை. ஒரு தடவை வகுப்பு முழுவதையும் எழுதிவிட்டேன். சிஸ்டர் வந்து போர்டைப் பார்த்துவிட்டு, "அப்போ யாருதான் பேசாம இருந்தது?" என்றார். "நான் சிஸ்டர்" என்றேன். "உனக்குப் பேச யாரும் இல்லையா சிந்துஜா?" என்று கேட்டார். இப்படி ஒரு பாராட்டு அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு யாருக்கும் கிடைத்ததில்லை.

சரி, இரண்டு பேரை வைத்துக்கொண்டு என்ன சட்டம் போட முடியும்? ஆள் சேர்த்தேன். நம் அப்பார்ட்மெண்டிலிருந்தே தொடங்கினேன். முதல் மாடி ஜெகநாதன் அங்கிள் சேர்ந்தார், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், நீங்கள் புதிதாகக் குடி வந்த அன்றைக்குக் கேட் திறந்துவிட்டாரே அவர்தான். கீழ் வீட்டு மெஹருன்னிசா அக்கா சேர்ந்தார், அந்த டெய்லர். பிறகு முகம் தெரியாதவர்கள், ஈப்போவிலிருந்து, கொழும்பிலிருந்து, எங்கிருந்தோ. எண் ஏற ஏற எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாள் விடிந்து பார்க்கிறேன், நான் செவ்வந்தித் தீவின் ஒலித்துறை அமைச்சர். இடுப்பில் பாப்பா, கையில் கஞ்சிக் கிண்ணம், அமைச்சர்.

ஆள் பெருகினால் என்ன ஆகும்? ஆளாளுக்கு ஒரு விதிவிலக்கு.

ஜெகநாதன் அங்கிள் படியேறி வந்துவிட்டார். "ஏம்மா சிந்துஜா, ரயில் ஹாரனை மட்டும் விட்ரணும்மா. ஹாரன் அடிக்கலைன்னா ஆளு செத்துருவான்."

"அங்கிள், தீவுல ரயிலே கிடையாது."

"இன்னைக்கு இல்ல. நாளைக்கு விட மாட்டானா? அப்ப யார் பொறுப்பு, நீயா நானா?"

அடுத்து மெஹருன்னிசா அக்கா. "பெருநாள் வருதும்மா, பிளவுஸெல்லாம் குவிஞ்சு கெடக்கு. மெஷினுக்கு அடியில ரெண்டு சாக்கு போட்டுத்தான் தைக்கிறேன், ஒம் பாப்பாவுக்காக. அது ஒலியில சேருமா, சேராதா?"

சேரும் என்றேன். அக்கா சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் பாப்பாவுக்கு ஒரு கவுன் தைத்து அனுப்பினார். எந்த நேரத்தில் தைத்தது என்று கேட்டனுப்பினேன்.

ஒவ்வொரு விதிவிலக்குக்கும் ஓட்டு விழ விழ, தொண்ணூறாக இருந்த உறுதி எண்பது, எழுபது என்று இறங்கிக்கொண்டே வந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் கட்சியில் கழுகுப்பார்வை என்று ஒருவன் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தான். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. படத்துக்குப் பதிலாக ஒரு கண் மட்டும் இருக்கும். மசோதாவும் ஒரே வரிதான்: இருட்டிய பிறகு குழந்தைகளின் அழுகையும் ஒலியே.

குழந்தை எப்படி அழாமல் இருக்கும் என்று எழுதினேன். அவன் நிதானமாக, "எந்த ஒலியும் கூடாது என்பது கொள்கை. அதை எழுதியது யார்?" என்று கேட்டான். அழுகை என்பது ஒலி இல்லை, தகவல் என்று எழுதினேன். பசிக்கிறது, நனைந்துவிட்டது, எறும்பு கடிக்கிறது, இதெல்லாம் தகவல்தானே? "அப்படியானால் ரயில் ஹாரனும் தகவல்தானே" என்றான். அது வேறு, இது வேறு என்று எழுதினேன். வேறுதான். இன்றைக்கும் சொல்வேன்.

ஓட்டெடுப்பு வந்தது. நான் எதிர்த்துப் போட்டேன். ஜெகநாதன் அங்கிள் எதிர்த்துப் போட்டார், மெஹருன்னிசா அக்கா எதிர்த்துப் போட்டார், செந்தூரன் நடுக்கடலில் சிக்னல் தேடிப் போய் எதிர்த்துப் போட்டார். நம் அப்பார்ட்மெண்டே எதிர்த்தது. அடுத்த நிமிஷம் உறுதி ஐம்பத்துச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. பாதியை நெருங்கும்போதே கொடியின் ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல். எல்லோரும் கொள்கைக்கு மாறாக ஓட்டுப் போட்டார்கள் என்று கணக்கு. தலைவரின் ஓட்டு மட்டும் அந்தக் கணக்கில் வராது. அது விளையாட்டின் விதி, நான் வைத்ததல்ல.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கட்சி கண்ணெதிரே கிழிகிறது. கொள்கையை மீறியவர்கள் பட்டியல் திரையில் நிற்கிறது. பேர் பேராக நிற்கிறது. போர்டில் நின்ற மாதிரியே. பக்கத்தில் "நீக்கு" என்று ஒரு பொத்தான்.

அங்கிளை நீக்கினேன். மெஹருன்னிசா அக்காவை நீக்கினேன். அவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, என் பாப்பாவுக்காகத்தான் போட்டார்கள் என்று தெரியாதா? ஆனால் கொள்கை வேறு, பாசம் வேறு. செந்தூரனை நீக்கும்போது மட்டும் கொஞ்சம் யோசித்தேன். அவரை மட்டும் விட்டால் புருஷனுக்கு ஒரு நியாயமா என்று கேட்பார்கள். நீக்கினேன். இரண்டு நாள் கழித்துச் சிக்னல் கிடைத்து எழுதினார்: "என்னையும் தூக்கிட்டியா?" ஆமாம் என்று எழுதினேன். "சரி, கதவைச் சாத்திக்கிட்டுப் படு" என்று எழுதினார். எப்படிச் சாத்துவது என்று கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

உறுதி விர்ரென்று ஏறியது. ஆனால் மிச்சம் இருந்தது யார்? குழந்தை அழக்கூடாது என்று போட்டவர்கள். கழுகுப்பார்வையும் அவன் சேக்காளிகளும். அவர்களுக்குக் கொள்கை இருந்ததே தவிர நெஞ்சில் ஈரம் இல்லை. அதனால் அவர்களையும் நீக்கினேன், ஒவ்வொருவராக. கழுகுப்பார்வையைக் கடைசியில். போகும்போது ஒரு வரி எழுதிவிட்டுப் போனான்: "விரைவில் சந்திப்போம்." அவ்வளவுதான். கண் மட்டும் இருக்கும் படம். விரைவில் சந்திப்போம்.

அன்றிலிருந்துதான் கதவு என் தூக்கத்தைக் கெடுக்கிறது. எவனோ எங்கேயோ இருந்து எழுதியது, நம் திருச்சி கருமண்டபத்தை அவன் எங்கே கண்டான் என்று பகலில் தோன்றும். விளக்கை அணைத்தால் அந்தக் கண் தெரியும்.

இப்போது கட்சியைத் திறந்து பார்த்தேன். உறுப்பினர்: ஒருவர். கொள்கை உறுதி நூறு என்றுதான் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை அக்கா. "கணக்கிட இயலாது" என்று இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் வேண்டுமாம். நான் ஒருத்தி என் கொள்கையில் உறுதியாக இருக்கிறேனா என்று எனக்குத் தெரியாதா?

நீக்கப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. ஜெகநாதன் அங்கிள் தலைமையில் போட்டிக் கட்சி. பேர் என்ன தெரியுமா? ஓரளவு ஒலியிலா முன்னேற்றக் கட்சி. கொள்கை: இருட்டிய பிறகு முடிந்தவரை சத்தம் போடாமல் இருப்போம். முடிந்தவரை! அப்படி ஒரு கொள்கையை யார்தான் மீற முடியும்? ரயில் ஓடினாலும் கொள்கைப்படிதான், மெஷின் ஓடினாலும் கொள்கைப்படிதான். ஆள் பெருகிக்கொண்டே போகிறது, உறுதியும் அசையாமல் நூற்றிலேயே நிற்கிறது. இது மோசடி இல்லையா? செந்தூரனும் கடலிலிருந்தபடியே அதில் சேர்ந்துவிட்டார்.

அவர்களை நீக்கிய அன்றிலிருந்து அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நான் படியில் இறங்குவதையே நிறுத்திவிட்டேன். அதனால்தான் அக்கா, இந்தக் கட்டடத்தில் இப்போது நான் கூப்பிடக்கூடிய ஒரே ஆள் நீங்கள். உங்களை மட்டும்தான் நான் இன்னும் நீக்கவில்லை.

புஸ். கேட்டதா? இப்போது இரண்டு பேர். இல்லை, மூன்று. எதையோ இழுக்கிறார்கள். இரும்பா, ஆளா தெரியவில்லை. என் தலைக்கு நேர் மேலே. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு சிலிண்டருக்குப் பின்னால் நிற்கிறேன், ஒரு கையால் எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னியுங்கள். மிக்ஸி கேள்விக்கு அப்புறம் பதில் சொல்லலாம். இருமலும் பரவாயில்லை. வாருங்கள் அக்கா.

உங்கள் பதில் வந்துவிட்டது. மூன்று தடவை படித்துவிட்டேன்.

"சிந்துஜா பயப்படாத. நாங்கதான். மாடில கட்சிக் கூட்டம். நாற்காலிச் சத்தம் பாப்பாவ எழுப்பிரும்னு மெஹருன்னிசா அக்கா நாற்காலிக் கால் எல்லாத்துக்கும் வெட்டுத்துணி சுத்திக் கட்டி வச்சிருக்காங்க. நானும் ஒண்ணு தூக்கிட்டுத்தான் இருக்கேன். நேத்து உன் கட்சிக்கு விண்ணப்பம் போட்டேன், பதிலே வரல. இவங்க டீ குடுத்து சேத்துக்கிட்டாங்க. இரு, வர்றேன்."

வெட்டுத்துணி. ஒவ்வொரு காலுக்கும். அப்படியும் சத்தம் கேட்டதே என்று எழுதப் போனேன். எழுதி, அழித்துவிட்டேன்.

இதை இப்போது உங்கள் எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன் அக்கா. நீங்கள் என் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். பேசினால் பாப்பா எழுந்துவிடுவாள், பாதியில் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் கடைசி வரை எழுதிவிடுகிறேன். நடந்தது உங்களுக்கும் தெரியும். ஆனால் நீங்கள் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தீர்கள், இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் மூன்று பேரும் வந்து நின்றது எனக்குக் காலடியில் தெரியவில்லை. செருப்பில்லாமல் வந்திருக்கிறீர்கள். மூச்சில்தான் தெரிந்தது. அங்கிள் கதவிடுக்கில் வாயை வைத்து, "பாப்பா முழிச்சிருச்சாம்மா?" என்று கிசுகிசுத்தார். இல்லை என்று அவருக்கு போனில் அனுப்பினேன். நான் அவரை நீக்கிய பிறகு அனுப்பிய முதல் செய்தி அது. போட்டிக் கட்சியிடம் உதவி வாங்குவது முறையா என்று ஒரு நிமிஷம் நின்றேன். இது சேர்க்கை இல்லை, கதவு விஷயத்தில் மட்டும் கூட்டணி என்றும் எழுதி அனுப்பினேன்.

வெளியே கிசுகிசு. அங்கிள் உங்களிடம் கேட்பது எனக்குக் கேட்டது. "என்னங்கிறா?"

"கூட்டணியாம் அங்கிள்."

"அதெல்லாம் செயற்குழுல பேசணுமேம்மா." பிறகு கதவிடம், "சிந்துஜா, நாங்க வெளியிலேர்ந்து ஆதரவு தர்றோம்மா."

"தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறது அங்கிள்" என்று எழுதினேன்.

மெஹருன்னிசா அக்காதான் முடிவு சொன்னார். "யாராவது ஒருத்தி உள்ள போங்க. வாசல்ல நின்னு அரசியல் பேசிக்கிட்டு. எஸ்தரு, நீ போ, நீதான் புதுசு, ஒன்ன அவ இன்னும் எதுலேர்ந்தும் தூக்கல."

சிலிண்டரை கால்மிதி மேல் ஏற்றி மெதுவாக நகர்த்தினேன். நீங்கள் உள்ளே வந்தீர்கள், கையில் ஒரு தலையணை. எனக்கு அதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டால் நீங்கள் வெளியே போக முடியாது, போனால் மறுபடியும் போட ஆள் இல்லை. உங்களுக்கு அது முன்னாலேயே புரிந்திருக்கிறது. "விடியட்டும்" என்று உதட்டை மட்டும் அசைத்தீர்கள். "காலைல அங்கிள் தச்சரைக் கூட்டிட்டு வர்றாராம். வெயில் வந்தப்புறம்."

கதவிடுக்கில் அங்கிள் முகம் இன்னும் இருந்தது. "நீயும் ஒரு விண்ணப்பம் போடும்மா. பரிசீலிக்கிறோம்."

கொள்கையைப் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதினேன். தலையாட்டிவிட்டு முகத்தை எடுத்துக்கொண்டார்.

நீங்கள் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினீர்கள். செந்தூரனைவிட உயரமாகத் தூக்கினீர்கள். தோளில் பாப்பாவோடு நான் தாழ்ப்பாளைத் தள்ளினேன். அது போய் விழுந்த சத்தம் இருக்கிறதே அக்கா, டமார் என்று, கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். கீழே ஒரு நாய் குரைத்தது. நீங்கள் கைப்பிடியை விடாமல் சிலை மாதிரி நின்றீர்கள். பாப்பா என் கழுத்தில் முகத்தை ஒரு தரம் தேய்த்துவிட்டு, அப்படியே தூங்கினாள்.

அந்த ஒரு சத்தத்தை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்க வேண்டாம். நான் கொடுக்கிற முதல் விதிவிலக்கு அது. கதவு தாழ் போட்டாயிற்று.